சாவாமையும் இழப்பும்: 'ஹைலேண்டர்' திரைப்படத்தின் நிறைகுறைகள்

முன்னுரை

சாவாமை குறித்த கதைகள் பல மொழி இலக்கியங்களிலும் காணப்படுகின்றன. அவற்றுள் சாவாமையைப் பேறாகக் கூறுவனவும் உள. துன்பமாகக் கூறுவனவும் உள. பாற்கடல் கடைந்த கதையில் அமிழ்தம் தேவர்களுக்குப் பேறாக வாய்க்கிறது. மகாபாரதத்தின் சௌப்திக பருவத்திலோ அசுவத்தாமன் மூவாயிரம் ஆண்டு துணையின்றி அலைந்து திரியுமாறு கண்ணனால் சபிக்கப்படுகிறான். நெடுவாழ்வு ஓரிடத்தில் வரமாகவும் பிறிதோரிடத்தில் சாபமாகவும் அமைவதை இவற்றால் அறிகிறோம். மேலைநாட்டு வெகுமக்கள் திரைப்படங்களுள் இவ்விரு நோக்குகளையும் ஒருங்கே கொண்டு, இரண்டிற்கும் இடையே தடுமாறும் படம் ஒன்று உண்டு. அது 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹைலேண்டர்' ஆகும்.

வாள்வீரச் சாகசமும் மிகைப்புனைவும் கலந்த இப்படத்தை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோரும் உளர். குறைகளைப் பொருட்படுத்தாது போற்றுவோரும் உளர். இரு சாராரும் படத்தை முழுமையாக நோக்கவில்லை என்பது நம் கருத்து. சாவாமையை இழப்பாகக் காணும் இடங்களில் இப்படம் உயர்கிறது. அதனைப் போட்டியாகக் காணும் இடங்களில் தாழ்கிறது. இக்கருத்தைப் படத்தின் காட்சிகளைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் பின்புலம்

இப்படத்தின் மூலக்கதையை எழுதியவர் கிரெகரி வைடன். தீயணைப்பு வீரராகப் பணியாற்றிய இவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் திரைக்கலை பயின்ற காலத்தில் இக்கதையை உருவாக்கினார். பீட்டர் பெல்வுட், லாரி ஃபெர்குசன் ஆகியோரும் திரைக்கதையில் பங்கேற்றனர். இயக்குநர் ரசல் மல்கேஹி ஆஸ்திரேலியர். 'ரேசர்பேக்' (1984) என்னும் படத்தை இதற்கு முன்னர் இயக்கியவர். எனினும், அவரது பெயர் முதலில் பரவியது இசைக் காணொளிகளின் வாயிலாகவே. 1981 ஆகஸ்டு முதல் நாளன்று எம்.டி.வி. தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது முதலில் இடம்பெற்ற காணொளி அவர் இயக்கியதாகும். இப்பின்புலம் படத்தின் அழகிற்கும் அதன் குறைகள் சிலவற்றிற்கும் காரணமாக அமைந்திருப்பதைப் பின்னர்க் காண்போம்.

அமெரிக்கத் திரையரங்குகளில் இப்படம் ஏறத்தாழ 6 மில்லியன் டாலரே ஈட்டியது. இது தயாரிப்புச் செலவில் பாதியைக்கூட எட்டாத தொகை. ஆயினும், வீட்டுக் காணொளி நாடாக்களின் வழி இப்படம் தனக்கென நிலையான இரசிகர் கூட்டத்தைப் பெற்றது. 1991, 1994, 2000, 2007 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சிப் படங்கள் வந்தன. 1992 முதல் 1998 வரை ஆறு பருவங்களாக 119 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரும் ஒளியேறியது. திரையரங்கில் தோற்ற ஒரு படம் இத்துணைக் காலம் நினைவில் நின்றதற்கு அதன் சண்டைக் காட்சிகள் மட்டுமே காரணமாக இருத்தல் இயலாது.

கதைச் சுருக்கம்

1536ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலைநாட்டில் நிகழும் குலப் போரில் கானர் மெக்லவுட் என்னும் இளைஞன் கர்கன் என்பவனின் வாளால் குத்துண்டு வீழ்கிறான்; ஆனால் இறக்கவில்லை. உயிர்பிழைத்த அவனைப் பேய் பிடித்தவன் எனக் கருதி அவன் குலத்தாரே அடித்துத் துரத்துகின்றனர். பின்னர் அவன் ஹெதர் என்பவளை மணந்து கொல்லனாக வாழ்கிறான். எகிப்தில் பிறந்து, ஸ்பெயின் நாட்டுப் பெயர் தாங்கிய ராமிரெஸ் 1541ஆம் ஆண்டு அவனைத் தேடிவந்து அவனும் சாவாதவருள் ஒருவன் என்பதை உணர்த்தி வாட்பயிற்சி அளிக்கிறார். தலை துண்டிக்கப்பட்டாலன்றி இவர்களுக்கு இறப்பில்லை. வென்றவனுக்குத் தோற்றவனின் ஆற்றல் வந்து சேரும். புனித நிலத்தில் போரிடலாகாது. ஈற்றில் ஒருவனே எஞ்சுவான். அவனுக்கே 'பரிசு' கிட்டும். கானர் இல்லாத வேளையில் வரும் கர்கன் ராமிரெஸைக் கொல்கிறான். ஹெதர் முதுமையுற்று இறக்கிறாள். 1985ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பழம்பொருள் வணிகனாக மாற்றுப் பெயரில் வாழும் கானர் இறுதிப் போருக்கு ஆயத்தமாகிறான்.

படத்தின் நிறைகள்

அ) காலத்தை இணைக்கும் உத்தி

பின்னோக்கு உத்தி திரைப்படங்களில் பெரிதும் கையாளப்படும் ஒன்றேயாகும். 'ஹைலேண்டர்' அதனைக் கையாளும் முறையே குறிப்பிடத்தக்கது. நியூயார்க் வாகன நிறுத்துமிடம் ஒன்றில் மேல்நோக்கி எழும் படப்பிடிப்புக் கருவி, அக்கட்டடத்தின் தளத்தைக் கடந்து, பதினாறாம் நூற்றாண்டு மலைநாட்டில் வெளிப்படுகிறது. பிறிதோரிடத்தில் கானரின் இல்லத்து மீன்தொட்டியின் நீர் அப்படியே ஸ்காட்லாந்து ஏரியின் நீராகிறது. மேலே படகில் கானரும் ராமிரெஸும் அமர்ந்திருக்கின்றனர்.

இவை காண்போரை வியப்பிலாழ்த்தும் நுட்பங்கள் மட்டுமல்ல. சாவாதவன் ஒருவனுக்குக் கடந்த காலம் எங்கோ தொலைவில் இருப்பதில்லை. அவன் நிற்கும் தளத்திற்கு மேலும், அவன் வீட்டுத் தொட்டியின் உள்ளும் அது இருக்கிறது. உரையாடலால் சொல்லப்படாத இவ்வுண்மையைக் காட்சிமாற்றமே சொல்லிவிடுகிறது. இசைக் காணொளிகளில் மல்கேஹி பெற்ற தேர்ச்சி இங்கே கதைப்பொருளுக்குத் துணை நிற்கிறது. ஜெர்ரி ஃபிஷரின் ஒளிப்பதிவும் இரு காலங்களையும் நிறத்தால் வேறுபடுத்திக் காட்டுகிறது. மலைநாடு பரந்த பசுமையும் மூடுபனியுமாக விரிய, நியூயார்க் இருளும் ஈரமும் நீல ஒளியும் கொண்டதாகத் தோன்றுகிறது.

ஆ) ஹெதரின் முதுமை

படத்தின் உயிர்நிலை ஹெதர் முதுமையுறும் பகுதியாகும். மூன்று மனைவியரை இழந்த ராமிரெஸ், அத்துயரம் கானருக்கும் நேராதிருக்க அவளை விட்டு விலகுமாறு முன்னரே அறிவுறுத்துகிறார். கானர் அதனை ஏற்பதில்லை. அவ்வொரு முடிவினால் அவனுக்குச் சாவாமை விதியாக மட்டும் இல்லாமல் பொறுப்பாகவும் ஆகிறது. பின்வருவதை அறிந்தே அவன் அவளோடு வாழ்கிறான். ஆண்டுகள் செல்லச் செல்ல அவளுடைய கூந்தல் நரைக்கிறது, நடை தளர்கிறது. அவன் மட்டும் மணநாளில் இருந்தவாறே இருக்கிறான். இறக்கும் தறுவாயில் அவள் கேட்பது, தன் பிறந்தநாளில் ஒரு மெழுகுவத்தி ஏற்றித் தன்னை நினைக்க வேண்டும் என்பது மட்டுமே.

நிலையாமையைப் பாடும் நம் நீதிநூல்கள், இறக்கப் போகும் மனிதனை நோக்கியே யாக்கையின் நிலையாமையை எடுத்துரைக்கின்றன. இப்படம் அதனை இறவாதவனின் பக்கத்திலிருந்து காண்கிறது. அவனது யாக்கை நிலைத்திருக்க, அவனுக்கு உரியவர் யாவரும் நிலையாமல் போகின்றனர். இப்பகுதிக்கு குவீன் இசைக்குழுவின் பிரையன் மே எழுதிய பாடலும், மைக்கல் கேமனின் இசையமைப்பும் பெருந்துணை புரிகின்றன. அப்பாடலைப் பாடிய ஃப்ரெடி மெர்குரி 1991 நவம்பர் 24ஆம் நாள் 45 வயதில் மறைந்தார். அதன்பின் அப்பாடலைக் கேட்போர்க்குப் படத்தின் சூழலைக் கடந்த ஒரு துயரமும் அதில் ஒலிப்பது இயல்பேயாகும்.

இ) ரேச்சல்

இரண்டாம் உலகப் போரின்போது நாஜி வீரனிடமிருந்து கானர் ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறான். அவளே ரேச்சல். 1985இல் அவள் நடுவயதைக் கடந்தவள், அவனுடைய செயலாளர். மகளாக வளர்ந்தவள் தந்தையினும் மூத்தவளாகத் தோன்றுகிறாள். இறுதிப் போருக்கு முன் அவன் அவளிடம் விடைபெறும் காட்சியில் சொற்கள் குறைவு. ஹெதரை இழந்த பின்னரும் அவன் அன்பு செலுத்துவதை நிறுத்தவில்லை என்பதற்கு ரேச்சலே சான்று. இத்தகைய போர்க்காலக் காட்சி அமெரிக்கத் திரையரங்குப் பதிப்பில் நீக்கப்பட்டது. ஐரோப்பியப் பதிப்பில் இடம்பெற்றது. அக்காட்சியைக் காணாதவர்க்கு ரேச்சல் யார் என்பதே விளங்காது. சில நிமிடங்களை மிச்சப்படுத்தும் பொருட்டுப் படத்தின் நெஞ்சத்தில் ஒரு பகுதி வெட்டப்பட்டது எனலாம்.

ஈ) நடிப்பும் வாட்போரும்

ஸ்காட்லாந்தில் பிறந்த ஷான் கானரி எகிப்தியராகவும், பிரெஞ்சு நடிகரான கிறிஸ்டபர் லம்பேர் ஸ்காட்லாந்துக்காரராகவும் நடித்திருப்பது நகைப்பிற்கு இடமாவது உண்மையே. எனினும், எந்நாட்டிற்கும் உரியதாகத் தோன்றாத லம்பேரின் பேச்சு, பல நாடுகளில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவனுக்குப் பொருந்துகிறது. கானரியின் நகைச்சுவையும் கம்பீரமும் படத்தின் நடுப்பகுதியைத் தாங்குகின்றன. கர்கனாக வரும் கிளான்சி பிரவுன் அச்சத்தையும் கேலியையும் ஒருசேரத் தோற்றுவிக்கிறார். நினைக்க ஒருவருமற்ற சாவாமை எத்தகையது என்பதற்குக் கர்கனே எடுத்துக்காட்டு.

வாட்போரை வடிவமைத்த பாப் ஆண்டர்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பங்கேற்ற வாள்வீச்சு வீரர். வாள்வீரப் படங்களின் நாயகரான எரல் ஃப்ளினுடனும் பணியாற்றியவர். அம்மரபை நன்கறிந்த படம் இது என்பதற்கு 1783ஆம் ஆண்டு பாஸ்டனில் நிகழும் நகைச்சுவைக் காட்சியைச் சுட்டலாம். குடிமயக்கத்திலுள்ள கானர் மானப்போர் ஒன்றில் மீண்டும் மீண்டும் குத்துண்டு எழுகிறான்; முடிவில் மன்னிப்புக் கேட்டுச் செல்கிறான். உயிரைப் பணயம் வைப்பதாலேயே மானப்போருக்கு மதிப்பு உண்டாகிறது. பணயம் வைக்க உயிரில்லாத இடத்தில் அம்மதிப்பு கேலிக்கூத்தாகிவிடுவதை அக்காட்சி சிரிக்க வைத்தே உணர்த்துகிறது.

படத்தின் குறைகள்

அ) விதியின் முன் விலகி நிற்றல்

ஒருவனே எஞ்ச வேண்டும் என்னும் விதி கேட்பதற்குக் கவர்ச்சியானது. ஆனால் அதன் முழுப்பொருள் கொடுமையானது. எஞ்சியிருப்போர் இருவரும் நல்லவராயின் என்செய்வது? இவ்வினாவை எழுப்புவதற்கென்றே அமைந்தவன் போன்று ஒரு பாத்திரம் படத்தில் உண்டு. ஹியூ குவார்ஷி நடித்த கஸ்டகிர், கானரின் நீண்டநாள் நண்பன். நியூயார்க் பூங்காப் பாலத்தில் இருவரும் தழுவிக்கொள்கின்றனர். பழங்கதை பேசிக் குடித்து மகிழ்கின்றனர். விதியின்படி அவர்களுள் ஒருவன் மற்றவனைக் கொன்றே ஆகவேண்டும். நட்பிற்கும் விதிக்கும் இடையிலான இம்முரண் ஒரு பெருந்துன்பியலுக்கு உரிய கரு.

ஆயின், படம் அதனை எதிர்கொள்ளவில்லை. கர்கன் வந்து கஸ்டகிரைக் கொன்றுவிடுகிறான். கானரின் கைகள் தூய்மையாகவே இருக்கின்றன. ராமிரெஸின் மரணமும் இவ்வாறே மாணவனை ஆசிரியனுக்கு எதிராக நிற்கும் நிலையிலிருந்து விடுவிக்கிறது. கர்கன் தீயவன் என்பதால் இறுதிப் போரில் நமக்கு எந்த மனக்குழப்பமும் எழுவதில்லை. தான் வகுத்த விதியின் விளைவைத் தீயவன் ஒருவனின் தோளில் ஏற்றிவிட்டுப் படம் விலகிக்கொள்கிறது. மேலும், குறிப்பிடத்தக்க ஒரே கறுப்பினப் பாத்திரமான கஸ்டகிர் நண்பனாகத் தோன்றி மறைவதோடு நின்றுவிடுகிறான். அவன் வாழ்ந்த நூற்றாண்டுகளைப் பற்றி நாம் அறிவது சொற்பமே.

ஆ) பெண் பாத்திரங்கள்

படத்தின் பெருங்குறை இங்கேதான் உள்ளது. ராமிரெஸைக் கொன்ற இரவில் கர்கன் ஹெதரை வன்புணர்ந்த செய்தி, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் நியூயார்க் தேவாலயத்தில் கர்கனின் வாய்மொழியாகவே வெளிப்படுகிறது. ஹெதருக்காகக் கானர் மெழுகுவத்தி ஏற்றிய அதே இடத்தில், புனித நிலமாதலால் வாளெடுக்க இயலாத நிலையில், அவன் அதனைக் கேட்க நேர்கிறது. நாடக உத்தி என்னும் அளவில் இது கூர்மையானது. ஆனால் அவ்வுத்தி ஹெதருக்கு இழைக்கும் அநீதியையும் நாம் கருதவேண்டும்.

தன் வாழ்நாள் முழுதும் அவள் அத்துயரைக் கணவனிடம் சொல்லாமல் சுமந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை? அவனைக் காக்கவா, தன்னைக் காக்கவா, சொல்லும் வழி அறியாமலா? படத்தில் இவ்வினாவிற்கு விடைகூற முற்படுபவன் கர்கன் ஒருவனே. அவன் கூறுவதோ இழிமொழி. கானரும் அதனைச் சினத்துடன் கேட்டு நிற்கிறான். பின்னர் அதனை எண்ணிப் பார்க்கும் ஒரு காட்சியேனும் இல்லை. முன்னர் நாம் கண்ட அமைதியான இல்வாழ்க்கைக் காட்சிகள் யாவும் இச்செய்தியால் வேறு பொருள் பெறவேண்டும். அவ்வாறு நிகழாமல், ஹெதரின் துயரம் இரு ஆடவரின் பகைக்கு எண்ணெய் ஊற்றுவதோடு முடிந்துவிடுகிறது.

பிரெண்டாவின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பழங்கால வாள்களின் உலோகவியலில் நூல் எழுதிய தடயவியல் அறிஞராக அவள் அறிமுகமாகிறாள். கொலை நிகழ்ந்த இடத்தில் கிடைத்த உலோகத் துகள்களைக் கொண்டு, அறிவின் துணையாலேயே கானரின் மறைபொருளை நெருங்குகிறாள். இத்தகையவள் படத்தின் பிற்பகுதியில் கர்கனால் கடத்தப்பட்டு அலறும் பெண்ணாகச் சுருங்கிவிடுகிறாள். இறுதிப் போரில் அவள் கர்கனைத் தாக்கித் துணைபுரிவது உண்மையே. எனினும், அவளது கல்விக்கும் ஆய்விற்கும் அங்கே வேலையில்லை.

இ) பரிசு பற்றிய குழப்பம்

எல்லாரையும் வென்று எஞ்சியவனுக்குக் கிடைக்கும் பரிசு, மீண்டும் இறக்கக்கூடிய மனிதனாதல் ஆகும். இனி அவன் மூப்படைவான்; மக்களைப் பெறுவான். இது நுண்ணிய கற்பனை. ஹெதரின் காட்சிகளுக்கு இதனினும் தக்க நிறைவு வேறில்லை. ஆனால் உலக மாந்தர் அனைவரின் எண்ணங்களையும் அறியும் பேராற்றலையும் படம் இதனுடன் சேர்த்து வழங்குகிறது. கர்கன் வென்றால் உலகமே இருளில் ஆழும் என்னும் அச்சுறுத்தலை நியாயப்படுத்த இவ்வாற்றல் தேவைப்பட்டது போலும். போட்டிக் கதைக்குப் பெரிய பரிசு வேண்டும்; இழப்புக் கதைக்குச் சாதாரண மனித வாழ்வே போதும். இரண்டையும் ஒரே கையில் கொடுக்க முயன்றதால், மூப்பையும் சாவையும் மகிழ்ந்து ஏற்கும் அரிய தருணம் மின்னல்களுக்கும் ஒளிவித்தைகளுக்கும் இடையே மங்கிவிடுகிறது. காட்சி அழகு கதைப்பொருளை மிஞ்சும் இசைக் காணொளிப் பழக்கத்தின் தீங்கை இங்கே காண்கிறோம்.

ஈ) வரலாற்றுப் பிழைகள்

ராமிரெஸின் வாள் கி.மு. 593இல் மசமுனே என்பவரால் ஜப்பானில் செய்யப்பட்டதாகப் படம் கூறுகிறது. புகழ்பெற்ற வாட்கொல்லரான மசமுனே வாழ்ந்ததோ கி.பி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் ஒட்டிய காலம். அவ்வாறே, 'கர்கன்' என்பது ரஷ்யப் புல்வெளிகளில் வாழ்ந்த கொடிய மக்களின் பெயராகக் காட்டப்படுகிறது. உண்மையில் 'குர்கான்' என்னும் சொல் அப்புல்வெளிகளில் காணப்படும் ஈமமேடுகளைக் குறிப்பதாகும். மரியா கிம்புட்டாஸ் 1956இல் முன்வைத்த இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தாயகம் பற்றிய கோட்பாடு இச்சொல்லாலேயே பெயர் பெற்றது. மிகைப்புனைவில் இத்தகைய பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பர். பிரெண்டா போன்ற அறிஞர் ஒருவர் வாளின் காலத்தை ஆய்ந்து மறைபொருளைக் கண்டறிவதாகக் கதை அமைந்திருப்பதால், வாளின் வரலாறே பிழையாவது கதையின் அடித்தளத்தைத் தளர்த்துகிறது.

விளக்காமையின் வலிமை

சாவாதோர் எவ்வாறு தோன்றினர் என்பதை முதற்படம் விளக்குவதில்லை. இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். ஆனால் 1991இல் மல்கேஹியே இயக்கிய இரண்டாம் படம் இதற்கு விடைகூற முயன்று, அவர்கள் வேற்றுக் கோளிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள் என்றது. முதற்படத்தை விரும்பியோரே அதனை ஏற்க மறுத்தனர். 1995இல் வந்த திருத்திய பதிப்பில் அவ்வேற்றுக்கோள் செய்தியே நீக்கப்பட்டது. இந்நிகழ்வு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. கானர் ஏன் சாகவில்லை என்பதை அறிய எவரும் பெரிதாக விரும்பவில்லை. பிறப்பிற்குக் காரணம் தெரியாமலே நாமும் வாழ்கிறோமாதலால், காரணம் தெரியாத அவனது நெடுவாழ்வு நமக்கு அயலாகத் தோன்றுவதில்லை. அவன் இழந்தவர்களைப் பற்றி அறியவே நாம் விழைகிறோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, 'ஹைலேண்டர்' இரு கதைகளைத் தன்னுள் கொண்ட படம் என்பது புலனாகிறது. ஒன்று, தலைகளை எண்ணிக்கொண்டு செல்லும் போட்டிக் கதை. மற்றொன்று, மறைந்தவர்களை நினைத்துக்கொண்டு செல்லும் இழப்புக் கதை. முன்னதில் விதிகள் உள. விதிகளின் அறச்சிக்கலை எதிர்கொள்ளும் துணிவு இல்லை. பின்னதில் விளக்கங்கள் இல்லை. மனித உணர்வின் உண்மை உண்டு. ஹெதரின் இறுதி வேண்டுகோளை மதித்த படம், அவளது நீண்ட மௌனத்தையும் அவ்வாறே மதித்திருக்குமாயின் இன்னும் உயர்ந்த நிலையை எய்தியிருக்கும்.

வெகுமக்கள் திரைப்படங்களை ஆராய்வோர் அவற்றின் புகழையோ வருவாயையோ அளவுகோலாகக் கொள்ளுதல் போதாது. எக்காட்சி காண்போர் நெஞ்சில் தங்குகிறது, எக்காட்சி தன் பாத்திரங்களுக்கு நியாயம் செய்யத் தவறுகிறது என்பவற்றைத் தனித்தனியே பிரித்தறிதல் வேண்டும். அவ்வாறு நோக்கினால், இப்படத்தில் நெடுநாள் நிலைத்திருக்கக்கூடியது நியூயார்க் கூரைமீது நிகழும் இறுதிப் போரன்று. முதுமையுற்ற மனைவியை மடியில் தாங்கியிருக்கும் இளைஞனின் முகமே என்பது நம் துணிபாகும்.